பிட்யூட்டரி ஹார்மோன்களின் பரிணாமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்யூட்டரி என்றதும் பள்ளியில் படித்த "தலைமைச் சுரப்பி" என்ற பட்டம் பலருக்கு நினைவுக்கு வரும். மனித உடலில் அது என்ன செய்கிறது என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். அதே ஹார்மோன்கள் மீனிலும் தவளையிலும் இருக்கின்றன, அங்கே வேறு வேலை பார்க்கின்றன என்று தெரியவரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அந்தக் குழப்பத்தில் எழும் கேள்விகளே இங்கே இருப்பவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதுகெலும்பிகளின் ஐம்பது கோடி ஆண்டு வரலாற்றில் இந்த ஹார்மோன்கள் மாறியதைவிட, அவை செய்யும் வேலைகள்தான் அதிகம் மாறியிருக்கின்றன.

எல்லா முதுகெலும்பிகளுக்கும் பிட்யூட்டரி உண்டா?

உண்டு. தாடையே இல்லாத லாம்ப்ரே, ஹேக்மீன் தொடங்கி மனிதன் வரை விதிவிலக்கு கிடையாது. அந்த எல்லையைத் தாண்டினால் கதை வேறு. நமக்கு நெருங்கிய முதுகெலும்பற்ற உறவினரான ஆம்ஃபியாக்ஸஸின் வாய்க்கூரையில் 'ஹாட்செக் குழி' என்று ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. கடல் பீச்சிகளில் மூளையை ஒட்டி ஒரு நரம்புச் சுரப்பி இருக்கிறது. இருக்கும் இடத்தையும் கருவில் உருவாகும் விதத்தையும் வைத்து இவற்றைப் பிட்யூட்டரிக்குத் தூரத்து உறவாகப் பார்க்கிறார்கள். ஆனால் மூளையின் கட்டளையை வாங்கி, தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்க உறுப்புகள் என்று பல சுரப்பிகளை ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும் முழு அமைப்பு முதுகெலும்பிகளிடம் மட்டும்தான்.

ஒரே சுரப்பியில் முன்மடல், பின்மடல் என்று இரண்டு எதற்கு?

உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு உறுப்புகள். கருவில் வாய்க்கூரையின் தோல் மேல்நோக்கி ஒரு பை போல மடிகிறது. 1838-இல் மார்ட்டின் ராத்கே விவரித்ததால் அதற்கு 'ராத்கே பை' என்று பெயர். அதுதான் முன்மடலாகிறது. மூளையின் அடித்தளம் கீழ்நோக்கி நீண்டு பின்மடலாகிறது. இரண்டும் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பின்மடல் சொந்தமாக எந்த ஹார்மோனையும் தயாரிப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸின் நரம்பணுக்கள் தயாரித்து அனுப்புவதை அங்கிருந்து ரத்தத்தில் விடுகிறது, அவ்வளவுதான். மற்றவை எல்லாம் முன்மடலின் சரக்கு.

முன்மடல் வாயிலிருந்து வருவதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. 1916-இல் பிலிப் ஸ்மித், பென்னட் ஆலன் என்ற இருவர் தனித்தனியாக ஒரே சோதனையைச் செய்தார்கள். தவளையின் இளங்கருவில், பிட்யூட்டரியாகப் போகிற அந்தச் சிறு தோல் பகுதியை நீக்கிவிட்டார்கள். கரு பிழைத்தது, தலைப்பிரட்டையாகி நீந்தவும் செய்தது. ஆனால் கருமை போய் வெள்ளியாக வெளுத்திருந்தது. வளர்ச்சி பின்தங்கியது, தைராய்டு சூம்பியது, கால் முளைத்துத் தவளையாகும் கட்டம் வரவே இல்லை. நிறம், வளர்ச்சி, உருமாற்றம் ஆகிய மூன்றும் ஒரு துளித் தோலோடு போய்விட்டன. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் ஒன்றுகூடப் பிரித்தெடுக்கப்படாத காலத்தில் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

மொத்தம் எத்தனை ஹார்மோன்கள்?

பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடக் குடும்பங்களைத் தெரிந்துகொள்வது மேல். முன்மடலில் முக்கியமாக மூன்று குடும்பங்கள். சர்க்கரை கோத்த புரதங்கள் ஒன்று: இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச். வளர்ச்சி ஹார்மோனும் புரோலாக்டினும் இன்னொன்று. மீன்களில் இவர்களோடு சோமடோலாக்டின் என்ற மூன்றாவது உடன்பிறப்பும் உண்டு. மூன்றாவது, 'பிஓஎம்சி' என்ற ஒரு பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை: அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச், தோலின் நிறத்தை மாற்றும் எம்எஸ்எச், வலியைக் குறைக்கும் பீட்டா எண்டார்ஃபின். பின்மடலில் இருப்பது வாசோபிரெசின், ஆக்சிடோசின் ஜோடி. அது தனிக் குடும்பம், மிகப் பழையது.

புதிய ஹார்மோன் எப்படிப் பிறக்கிறது?

பெரும்பாலும் நகலெடுப்பதில்தான். ஒரு மரபணு தவறுதலாக இரண்டாகிவிடுகிறது. ஒரு பிரதி பழைய வேலையைத் தொடர்ந்தால் போதும். இன்னொன்றுக்கு மாறுவதற்குச் சுதந்திரம் கிடைக்கிறது. பெரும்பாலான நகல்கள் கெட்டு அழிந்துபோகும். சில மட்டும் புதிய நேரத்தில், புதிய திசுவில், புதிய ஏற்பியோடு (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் புரதம்) வேலைக்குச் சேர்ந்து நிலைத்துவிடும்.

முதுகெலும்பிகளின் தொடக்கத்தில் இது தனித்தனி மரபணு அளவில் மட்டும் நடக்கவில்லை. மொத்த மரபணுத் தொகுதியே இரட்டிப்பானது என்று சுசுமு ஓனோ 1970-இல் வாதிட்டார். அது ஒரு முறை அல்ல, இரண்டு முறை நடந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எலும்பு மீன்களில் பெரும்பான்மையான டெலியோஸ்ட் மீன்களின் மூதாதையில் மூன்றாவது முறையும் நடந்தது. ஹார்மோன்கள் மட்டுமல்ல, ஏற்பிகளும் சேர்ந்தே நகலானதால் புதிய ஜோடிகள் அமைய வழி பிறந்தது. சாவி மட்டும் இரண்டானால் பயனில்லை, பூட்டும் இரண்டாக வேண்டும்.

லாம்ப்ரே பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கிளையிலிருந்து பிரிந்து, இன்றும் உயிரோடு இருப்பதால். ஹார்மோன்கள் புதைபடிவமாகக் கிடைக்காது. ஆகவே சீக்கிரம் பிரிந்த கிளைகளில் இன்று என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பழைய நிலையை ஊகிக்க வேண்டும். லாம்ப்ரேவுக்கும் சுறாவுக்கும் மனிதனுக்கும் பொதுவாக ஒன்று இருந்தால், அது பொது மூதாதையிடமும் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மரபணுவின் அக்கம்பக்கத்தில் எந்தெந்த மரபணுக்கள் குடியிருக்கின்றன என்பதும் உதவுகிறது. நகலான வட்டாரங்களை அண்டை வீடுகளை வைத்தே அடையாளம் காணலாம்.

நம்மிடம் பல ஹார்மோன்கள் பார்க்கும் வேலையை லாம்ப்ரே குறைவான ஆட்களை வைத்துச் சமாளிக்கிறது. பின்மடல் குடும்பத்தில் அதற்கு ஒன்றே ஒன்றுதான். அதற்காக அதை நம் மூதாதையின் நகல் என்று நினைத்துவிடக் கூடாது. லாம்ப்ரேவும் அதே ஐம்பது கோடி ஆண்டுகள் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. பிஓஎம்சி விஷயத்தில் நம்மைவிட அதற்குத்தான் மரபணு அதிகம்: ஏசிடிஎச்சுக்கு ஒன்று, எம்எஸ்எச்சுக்கு ஒன்று. "பழமையான விலங்கு" என்ற சொல்லே எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதிகம் ஏமாற்றும் சொல் அது.

பால் கொடுக்காத மீனுக்குப் புரோலாக்டின் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

புரோலாக்டினுக்குப் பெயர் வைத்தது 1933-இல், ஆஸ்கர் ரிடில் குழுவினர். பெயரில் பால் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை அளந்தது மாட்டை வைத்து அல்ல, புறாவை வைத்து. ஆண், பெண் இரண்டு புறாக்களும் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும் கொழுப்பு நிறைந்த செல்களைக் குஞ்சுக்கு ஊட்டும். புரோலாக்டின் ஊசி போட்டால் அந்தச் சுவர் தடிக்கும். அந்தத் தடிப்பே அளவுகோல்.

அப்புறம் 1959-இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் ஜே. ஜி. பிலிப்ஸும் கில்லிமீனை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழக்கூடிய சிறிய மீன் அது. பிட்யூட்டரியை எடுத்துவிட்டால் கடல் நீரில் பிழைத்திருந்தது. நன்னீரில் விட்டால் சில நாட்களில் செத்தது. நன்னீரில் இருந்த மீனுக்குப் பாலூட்டியின் புரோலாக்டினை ஊசியில் ஏற்றினார்கள். மீன் பிழைத்துக்கொண்டது.

நன்னீரில் இருக்கும் மீனின் உடல் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. உப்பு செவுள் வழியே வெளியே கசியும், நீர் உள்ளே புகும். புரோலாக்டின் செவுளையும் சிறுநீரகத்தையும் நன்னீர் வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றி, உப்பை இழக்காமல் காக்கிறது. புரோலாக்டின் மரபணு இல்லாத வரிக்குதிரை மீன் குஞ்சுகள் நன்னீரில் இறந்துவிடுகின்றன, சற்றே உப்பான நீரில் பிழைக்கின்றன. சால்மன் கடலுக்குப் போகும்போது இதற்கு நேர் எதிர்: அங்கே வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் உப்பை வெளியேற்ற உதவுகின்றன. ஒரே குடும்பத்து ஹார்மோன்கள் இரண்டு, ஒன்று ஆற்றுக்கு, ஒன்று கடலுக்கு.

இதோடு முடியவில்லை. நிலத்தில் திரியும் இளம் நியூட் (தவளைக்கு உறவான, வாலுள்ள விலங்கு) பருவம் வந்ததும் மீண்டும் குளத்துக்குத் திரும்பும். அந்த உந்துதலைத் தருவது புரோலாக்டின். டிஸ்கஸ் மீன் தன் தோலில் சுரக்கும் சளியைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அதிலும் இதற்குப் பங்குண்டு. 2022-இல் கடல் லாம்ப்ரேவில் புரோலாக்டின் போன்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் வேலையும் உப்புச் சமநிலையாகவே இருந்தது. எது முதல் வேலை, எது பின்னால் வந்தது என்று கேட்டால், நீரும் உப்பும்தான் பழையது, பால் நேற்று வந்தது என்றே தோன்றுகிறது. பாலூட்டியில் முதலில் கண்ட வேலையை வைத்துப் பெயர் சூட்டிவிட்டு, மீனைப் பார்த்து "உனக்கு இது எதற்கு?" என்று கேட்கிறோம்.

மாட்டு இன்சுலின் மனிதருக்கு வேலை செய்தது. மாட்டு வளர்ச்சி ஹார்மோன் ஏன் செய்யவில்லை?

இன்சுலின் அதிகம் மாறாதது. வளர்ச்சி ஹார்மோனின் போக்கு விசித்திரமானது. பன்றியில் இருப்பது பாலூட்டி மூதாதையிடம் இருந்ததற்குக் கிட்டத்தட்ட ஒன்று. நெடுங்காலம் அசையாமல் இருந்திருக்கிறது. ஆனால் குரங்கினத்திலும் அசைபோடும் விலங்குகளிலும் மட்டும் திடீரென வேகமாக மாறியிருக்கிறது. மனித வளர்ச்சி ஹார்மோனில் 191 அமினோ அமிலங்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாட்டினதிலிருந்து வேறுபட்டவை. நம் ஏற்பியும் கூடவே மாறிவிட்டதால் மாட்டு ஹார்மோன் அதில் பொருந்துவதில்லை. தலைகீழாகப் பொருந்தும் என்பதுதான் வேடிக்கை: மனித ஹார்மோன் எலியில் நன்றாகவே வேலை செய்யும்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1958-இல் மாரிஸ் ரேபன், இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனால் ஒருவர் வளர்ந்ததை அறிவித்தார். அதன் பின் பல ஆயிரம் குழந்தைகளுக்கு இப்படித்தான் சிகிச்சை. 1985-இல், அந்த ஊசி போட்டுக்கொண்ட சிலர் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளைநோயால் இறந்தது தெரியவந்தது. மருந்தோடு நோயும் போயிருந்தது. அதே ஆண்டில் பாக்டீரியாவில் தயாரித்த மனித ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. குரங்கினப் பரிணாமத்தில் இந்த ஒரு புரதம் அவசரப்படாமல் இருந்திருந்தால் பன்றியிடமிருந்தே எடுத்துச் சமாளித்திருக்கலாம்.

நம் பதினேழாவது குரோமோசோமில் இந்த மரபணு ஒன்றாக இல்லை, வரிசையாக ஐந்தாக நிற்கிறது. பிட்யூட்டரிக்கு உரியது ஒன்றுதான்; மற்றவை நஞ்சுக்கொடியில் வேலை பார்க்கின்றன.

மனிதப் பெண்ணின் சிறுநீர் தவளையை முட்டையிட வைத்தது எப்படி?

1930-களிலிருந்து சில பத்தாண்டுகள் உலகெங்கும் நடந்த கர்ப்பப் பரிசோதனை இது. பெண்ணின் சிறுநீரைத் தென்னாப்பிரிக்காவின் நகத்தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். லான்ஸ்லாட் ஹாக்பென் கேப் டவுனில் செய்த வேலையிலிருந்து வந்த முறை.

காரணம், கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோன். இது எல்எச்சின் நகல். குரங்கின வரிசையில் எல்எச் மரபணு இரட்டித்து, நஞ்சுக்கொடிக்கு இடம்பெயர்ந்து வந்தது. தவளையின் சினைப்பையில் இருக்கும் எல்எச் ஏற்பிக்கு, 35 கோடி ஆண்டுகள் பிரிந்திருந்த உறவினரின் ஹார்மோனும் சொந்த ஹார்மோனாகவே பட்டது.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் இரண்டு துண்டுகள். ஆல்ஃபா எல்லாருக்கும் பொது, பீட்டாதான் அடையாளம். எஃப்எஸ்எச்சுக்கும் டிஎஸ்எச்சுக்கும் வித்தியாசம் பீட்டாவில் மட்டுமே. இவற்றுக்கு முன்னோடியாக 'தைரோஸ்டிமுலின்' என்ற ஒன்றை 2002-இல் கண்டார்கள். அதன் உறவு பழ ஈயிலும் உருளைப்புழுவிலும்கூட உண்டு. தைராய்டே இல்லாத ஈயில் தைராய்டு பெயருள்ள ஹார்மோன். மீண்டும் அதே பெயர்ச் சிக்கல்.

பிஓஎம்சி என்று ஒன்றைச் சொன்னீர்களே, ஒரே புரதத்திலிருந்து பல ஹார்மோன்களா?

ஆமாம். மாட்டின் பிஓஎம்சி மரபணுச் செய்தியை 1979-இல் ஜப்பானில் நாகனிஷி, நூமா குழுவினர் படித்துக் காட்டினார்கள். செல் அந்த நீண்ட புரதத்தை எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். முன்பகுதிச் செல்களில் வெட்டினால் ஏசிடிஎச், அது அட்ரினலைத் தூண்டும். முன்மடலுக்கும் பின்மடலுக்கும் இடையே உள்ள நடுமடலின் செல்களில் இன்னும் நுணுக்கமாக வெட்டினால் எம்எஸ்எச், அது தவளையின் தோலைக் கருப்பாக்கும். மேலே சொன்ன வெளுத்த தலைப்பிரட்டைக்கு இல்லாமல் போனது இதுதான்.

ஏசிடிஎச்சின் முதல் 13 அமினோ அமிலங்கள்தான் ஆல்ஃபா எம்எஸ்எச். இந்த உறவு மனித நோயிலும் வெளிப்படுகிறது. அடிசன் நோயில் அட்ரினல் செயலிழக்கும்போது பிட்யூட்டரி விடாமல் ஏசிடிஎச்சைச் சுரந்து தள்ளும்; நோயாளியின் தோலும் ஈறும் கருக்கும். பிஓஎம்சி மரபணு பழுதான குழந்தைகளை 1998-இல் விவரித்தபோது மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்தன: செம்முடி, அடங்காத பசியால் வந்த பருமன், அட்ரினல் குறைபாடு. நிறம், பசி, நெருக்கடியைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றும் ஒரே மரபணுவில் கட்டுண்டு கிடப்பது பரிணாமத்தின் பழைய கணக்கு. நடுமடல் நமக்கு ஒரு மிச்சம் மட்டுமே. பறவைகளுக்கு அதுவும் இல்லை.

ஆக்சிடோசின் "அன்பு ஹார்மோன்" என்கிறார்களே, மீனுக்கும் அன்பு உண்டா?

அந்தப் பட்டத்தை முதலில் கழற்றி வைத்துவிடலாம். ஆக்சிடோசினும் வாசோபிரெசினும் ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்டவை, மூன்றாவதிலும் எட்டாவதிலும் மட்டும் வேறுபடுபவை. வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினை ஆய்வகத்தில் கட்டியெழுப்பியதும், அதையொட்டி 1955-இல் வேதியியல் நோபல் பெற்றதும் இவ்வளவு சிறியதாக இருந்ததால் சாத்தியமானவை.

மூதாதை வாசோடோசின். லாம்ப்ரேவிடம் இருக்கும் அந்த ஒற்றை ஹார்மோன் இதுதான். தாடையுள்ளவற்றின் மூதாதையில் மரபணு பக்கத்திலேயே நகலாகி இரண்டானது. மனிதனில் இன்றும் இரண்டும் இருபதாவது குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று வாசோடோசினாகவே நீடித்து, பாலூட்டிகளில் மூன்றாவது இடம் மட்டும் மாறி வாசோபிரெசின் ஆனது. இன்னொன்று எலும்பு மீன்களில் ஐசோடோசின், தவளை, பல்லி, பறவைகளில் மீசோடோசின், பெரும்பாலான பாலூட்டிகளில் ஆக்சிடோசின். ஆஸ்திரேலியாவின் பைம்மாக்கள் பல மீசோடோசினோடே நின்றுவிட்டன. சுறாக்களின் உறவான ரேட்ஃபிஷ் மீனிலோ நம்முடைய அதே ஆக்சிடோசின் இருக்கிறது. ஆக, வரிசையாக முன்னேறி வந்த கதை இதில் கிடையாது.

வேலை? தவளை தோல் வழியாகவும் சிறுநீர்ப்பை வழியாகவும் நீரை உறிஞ்ச, நம் சிறுநீரகம் நீரைத் திரும்பப் பெற, பறவையின் கருப்பை சுருங்கி முட்டையை வெளித்தள்ள, பாலூட்டியின் கருப்பை பிரசவத்தில் சுருங்க. நீரும் இனப்பெருக்கமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முதுகெலும்பில்லாதவற்றிலும் அப்படியே: மண்புழுவில் 1994-இல் கண்ட அன்னிடோசின் முட்டையிடும் அசைவுகளைத் தூண்டுகிறது, உருளைப்புழுவில் 2012-இல் கண்ட நெமடோசின் இணைசேர்வதில் பங்கெடுக்கிறது. இத்தனை தூரத்து உறவினரிடம் இருப்பதால் இதன் வயது பிட்யூட்டரியைவிடவே அதிகம்.

பைரப்பா வெங்கடேஷ், சிட்னி பிரென்னர் முதலானோர் 1997-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஃபுகு மீனின் ஐசோடோசின் மரபணுவை எலியில் வைத்தார்கள். எலியின் மூளையில் எந்த நரம்பணுக்கள் ஆக்சிடோசின் தயாரிக்குமோ, மிகச் சரியாக அதே அணுக்களில் மீன் மரபணு இயங்கியது. ஹார்மோன் மட்டுமல்ல, அதை எங்கே இயக்குவது என்ற அறிவுறுத்தலும் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் தப்பிப் பிழைத்திருக்கிறது.

ஹார்மோன்கள் தொலைந்துபோவதும் உண்டா?

உண்டு. சோமடோலாக்டின் மீன்களிலும் நுரையீரல் மீனிலும் இருக்கிறது. நிலத்துக்கு ஏறிய நாற்கால் விலங்குகளில் காணோம். மெடாகா என்ற சிறு மீனில் இது கெட்டால் தோலின் நிறமிச் செல்கள் மாறிப்போகின்றன. வேறு ஹார்மோன்கள் அந்த வேலையைப் பங்கிட்டுக்கொண்டால், தனி ஆள் தேவையில்லாமல் போயிருக்கும்.

மூளை பிட்யூட்டரிக்கு உத்தரவு போடும் விதமும் மாறியதா?

நன்றாகவே. லாம்ப்ரேவில் மூளையின் ஹார்மோன்கள் திசு வழியே ஊறி முன்மடலை அடைகின்றன. நம்மிடமும் மற்ற நாற்கால் விலங்குகளிடமும் அதற்கென்று குட்டி ரத்தக்குழாய்கள் உண்டு. டெலியோஸ்ட் மீன்கள் நரம்பு முனைகளையே முன்மடலுக்குள் நேராக நீட்டிவிட்டன. செய்திகளும் மாறும்: பாலூட்டியில் டிஎஸ்எச்சை விடச் சொல்வது டிஆர்எச், தலைப்பிரட்டையில் அந்தக் கட்டளையைத் தருவது சிஆர்எச், அதாவது நம்மிடம் மன உளைச்சல் நேரத்தில் ஏசிடிஎச்சை விடச் சொல்லும் ஹார்மோன். குளம் வற்றத் தொடங்கினால் தலைப்பிரட்டை அவசரமாகத் தவளையாவதன் பின்னணி இது.

இதெல்லாம் தெரிந்து நடைமுறைப் பயன் ஏதாவது உண்டா?

மீன் வளர்ப்பில் நேரடியாக உண்டு. பல கெண்டை இனங்கள் தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் இடும். 1930-இல் அர்ஜென்டினாவில் பெர்னார்டோ ஹூசே மீன் பிட்யூட்டரிச் சாற்றை மீனுக்கே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பிரேசிலில் அது முட்டையிட வைக்கும் முறையானது. இந்தியாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் 10 ஜூலை 1957 அன்று ஒடிசாவில் இந்தியப் பெருங்கெண்டைகளில் வெற்றி கண்டார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

பின்னாளில் சாற்றுக்குப் பதில், மூளை அனுப்பும் கட்டளையையே செயற்கையாகத் தயாரித்து ஊசி போட்டார்கள். பல மீன்களில் அது சரியாக எடுபடவில்லை. காரணம், அவற்றின் மூளை ஒரு பக்கம் எல்எச்சை விடச் சொல்லிக்கொண்டே, மறுபக்கம் டோபமீனால் அதைத் தடுத்தும் வைக்கிறது. கட்டளையோடு டோபமீனைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் போட்டதும் கெண்டைகள் முட்டையிட்டன. இன்று பொரிப்பகங்களில் பயன்படும் ஊசிமருந்துகள் பலவற்றில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன.